இசைப் புதிர் அவிழ்ப்போம்



"காலையில் குடிப்பது, கச்சேரியில் கேட்பது. விடை இரண்டெழுத்து."

இவ்வாண்டு ஐந்தாம் நிலை வகுப்பில் இப்புதிரைப் பலகையில் எழுதினேன். சிறிது நேரம் வகுப்பு அமைதியாயிருந்தது. பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி திடீரென எழுந்து, "காபி!" என்று கூவினாள். குடிக்கும் காபியும் காபி என்னும் இராகமும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பதைக் கண்ட பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தனர்.

உண்மையைச் சொல்வதானால், இதே புதிரை எனக்கு முதன்முதல் விடுத்தபோது நான் தோற்றுப்போனேன். விடுத்தவர் சென்னையில் வளர்ந்து, இங்கே நியூ ஜெர்சியில் என் அயலில் வாழும் நண்பர். யாழ்ப்பாணத்தில் பிறந்த நான் அப்பானத்தைக் 'கோப்பி' என்றே சொல்லிப் பழகியவன். இராகத்தின் பெயர் எனக்குத் தெரியும். பானத்தையும் நாள்தோறும் குடிக்கிறேன். ஆயினும் இரண்டையும் இணைக்கும் பாலம் என் ஊர்ப் பேச்சில் இல்லை. ஒரு சிறு புதிர் ஒருவனுடைய ஊரையும் வீட்டையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இக்கட்டுரையில், இசையைப் பற்றிய மறைபொருட் புதிர்கள் எவ்வாறு அமைகின்றன என்பதையும், கடல் கடந்து சிதறிய நண்பர்கள் அவற்றை இணையவழியே கூடி அவிழ்ப்பதால் விளையும் நன்மையையும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பழைய வழக்கு

புதிர் போடுவது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் தன் செய்யுளியலில் இதனைப் 'பிசி' எனக் குறிப்பிடுகிறது. தமிழகத்தில் விடுகதை என்பர். யாழ்ப்பாணத்தில் 'நொடி' என்பர். பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒருங்கே பொருந்துமாறு பாடிய காளமேகப் புலவரின் சிலேடையும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இங்கிலாந்தில் 1920களில் வளர்ந்த மறைபொருள் குறுக்கெழுத்துப் புதிரைக் கண்டு நாம் வியக்கிறோம். ஒரு சொல்லுக்குள் இன்னொரு சொல்லை ஒளித்து வைக்கும் அக்கலை நம் பாட்டிமார் திண்ணையிலும் இருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

இசையோடு இணைந்த விளையாட்டும் நம்மிடம் உண்டு. இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீத் அவர்கள் நடத்திப் புகழ்பெற்ற 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சி பின்னாளில் தொலைக்காட்சிக்கும் வந்தது. ஓர் எழுத்தைக் கேட்டவுடன் அவ்வெழுத்தில் தொடங்கும் பாடலை நினைவிலிருந்து எடுத்துப் பாட வேண்டும். நினைவே அங்கு மூலதனம்.

1990களின் முற்பகுதியில், நான் சிறுவனாயிருந்தபோது, யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மின்கலங்கள் தடைசெய்யப்பட்ட பொருள்களாயிருந்தன. துவிச்சக்கரவண்டியை நிறுத்தி வைத்து, ஒருவர் மிதியைக் கையால் சுழற்ற, அதன் டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி பாடும். சுழற்றுபவரின் கை சோர்ந்தால் பாட்டும் சோர்ந்துவிடும். முறை வைத்துச் சுழற்றிக் கேட்ட பாடல் ஒவ்வொன்றும் நெஞ்சில் பதிந்தது. பின்னர் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றியிருந்து அப்பாடல்களைக் கொண்டு ஒருவருக்கொருவர் நொடி போடுவோம். அன்று கூடியிருந்த தோழர்கள் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது முதலில் பிரிந்தோம். பின்வந்த ஆண்டுகளில் உலகெங்கும் பிரிந்தோம்.

எழுத்தே கருவி

மறைபொருட் புதிர் ஒவ்வொன்றிலும் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, விடையின் நேர்ப்பொருள். மற்றையது, விடைச்சொல்லை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழி. இரண்டும் ஒரே வாக்கியத்தில் கலந்திருப்பதால் படிப்பவர் மயங்குகிறார். எங்கே ஒன்று முடிந்து மற்றையது தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதே அவிழ்ப்பதன் முதற்படி. சில வகைகளைப் பார்ப்போம்.

முதலாவது, பிரித்துப் பொருள் காணல். "ஓர் ஆறு, ஓர் அம்மன், 1985இல் திரைக்கு வந்தனர்." ஆறு என்பது சிந்து, அம்மன் பைரவி. கே. பாலசந்தர் இயக்கி இளையராஜா இசையமைத்த 'சிந்து பைரவி' என்பதே விடை. அது ஓர் இராகத்தின் பெயருமாகும். படத்தில் வரும் பெண்கள் இருவரின் பெயர்களும் அவையே. இவ்வாறு ஒரு பெயர் மூன்று வழிகளில் பொருந்துவதைக் காணும்போது, அப்பெயரைச் சூட்டியவரும் ஒரு புதிராளரே என்பது விளங்கும்.

இரண்டாவது, ஒளித்து வைத்தல். "பெட்டியைத் தனியே சுமப்பாளாமோ? கனம் மிகுந்த வரியில் ஐந்து சுரங்கள் மறைந்துள்ளன." 'சுமப்பாளாமோ கனம்' என்பதைச் சேர்த்துப் படியுங்கள். 'மோகனம்' வெளிப்படும். அது ஐந்து சுரங்களே உடைய இராகம்.

மூன்றாவது, எழுத்து மாற்றம். "காதணியின் இறுதியில் உகரம் போய் இகரம் வர, எட்டாம் மேளம் பிறக்கும்." தோடு என்பது 'தோடி' ஆகிறது. இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலப் புதிரில் தனித்தனி எழுத்துகளைக் குலைத்து அடுக்குவர். தமிழில் 'டு' என்பது ஓர் எழுத்தாக நின்றும், ட் என்னும் மெய்யும் உ என்னும் உயிருமாகப் பிரிந்தும் நமக்கு உதவுகிறது. உயிர்மெய் என்றால் என்ன என்று நான் வகுப்பில் பலமுறை விளக்கியதுண்டு. இப்புதிரைத் தந்தபின் விளக்கத் தேவையில்லாது போயிற்று.

நான்காவது, ஒரு சொல்லின் பல பொருளைப் பயன்படுத்தல். அம்பரம் என்றால் வானம், ஆடையும் அதுவே. இச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வரும்.

பெயருக்குள் எண்

இசைப் புதிர்களுள் மிகச் சிறந்த ஒன்று நம் கருநாடக இசையின் உள்ளேயே இருக்கிறது. இசை வகுப்புக்குச் செல்லும் மாணவர் பலர் நாள்தோறும் அதனைச் சொல்லியும் அறியாதிருக்கின்றனர்.

பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி அவர்கள் 'சதுர்தண்டிப் பிரகாசிகை' என்னும் நூலில் 72 மேளங்களை வகுத்தார். கணக்கு எளியது. சட்ஜமும் பஞ்சமமும் மாறா. ரிஷபமும் காந்தாரமும் சேர்ந்து ஆறு வகை. தைவதமும் நிஷாதமும் சேர்ந்து ஆறு வகை. மத்திமம் இரண்டு வகை. ஆறு, ஆறு, இரண்டு ஆகியவற்றைப் பெருக்கினால் 72. முதல் 36 மேளங்களுக்குச் சுத்த மத்திமம். அடுத்த 36க்குப் பிரதி மத்திமம்.

பின்வந்தோர் இவற்றுக்குப் பெயர் சூட்டியபோது, பெயரிலேயே எண்ணை ஒளித்து வைத்தனர். அம்முறைக்குக் 'கடபயாதி' என்று பெயர். கேரளத்து வானியலார் தம் நீண்ட கணக்குகளைச் செய்யுளாக்கி மனனம் செய்ய இம்முறையைக் கையாண்டனர். வடமொழி மெய்யெழுத்துகளை நான்கு வரிசையாக்கி, க, ட, ப, ய ஆகிய நான்கிற்கும் ஒன்று என்னும் எண்ணைத் தந்து, அவற்றிலிருந்து வரிசையாக எண்ணுவர். ஞ, ந ஆகியவை சுழியம். பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்குரிய எண்களை எடுத்து இடம் மாற்றினால் மேளத்தின் எண் கிடைக்கும்.

செய்து பார்ப்போம். இசை பயிலத் தொடங்கும் பிள்ளைகள் முதலில் பாடும் இராகம் மாயாமாளவகௌளை. மா: ப வரிசையில் ஐந்தாவது, ஆகவே 5. யா: ய வரிசையில் முதலாவது, ஆகவே 1. 51 என்பதைத் திருப்பினால் 15. அது 15ஆவது மேளம். இனிக் காமவர்த்தனியைப் பாருங்கள். கா 1, ம 5. 15ஐத் திருப்பினால் 51. இரண்டுக்கும் இடையே சரியாக 36 வேறுபாடு. எனவே மத்திமம் ஒன்றே மாறியிருக்கிறது; ஏனைய சுரங்கள் யாவும் ஒன்றே. பாடாமலே, பெயரைக் கொண்டே இவ்வளவும் அறிகிறோம்.

முன்னரே வழங்கிய தோடி, சங்கராபரணம், கல்யாணி ஆகிய பெயர்கள் கணக்குக்குப் பொருந்தவில்லை. அதற்காக ஹனும, தீர, மேச என்னும் அடைகளை முன்னே சேர்த்தனர். ஹ 8, ந 0: திருப்பினால் 08, ஹனுமத்தோடி எட்டாம் மேளம். தீரசங்கராபரணத்தில் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் 'த' ஒன்றே; வடமொழியில் அதற்கு நான்கு ஒலிகள். 'தீர' என்பதில் வருவது நான்காம் ஒலி. அதன் எண் 9. ர என்பது 2. 92ஐத் திருப்பினால் 29. நம் எழுத்தைக் கண்ணால் மட்டும் பார்த்தால் விடை தவறும். காதால் கேட்டால் சரியாகும்.

ஆறு ஆறு மேளங்களாகப் பிரித்த பன்னிரண்டு சக்கரங்களின் பெயர்களும் புதிர்களே. இந்து என்றால் திங்கள்; அது ஒன்று. நேத்திரம் கண், அவை இரண்டு. அக்கினி மூன்று, வேதம் நான்கு, மன்மதனின் பாணம் ஐந்து, ருது ஆறு, ரிஷிகள் ஏழு, வசுக்கள் எட்டு, பிரமர் ஒன்பது, திசை பத்து, உருத்திரர் பதினொன்று, ஆதித்தர் பன்னிரண்டு. ஆகவே, "துணிவு மிக்க சிவனின் அணிகலன், ஐந்தாம் அம்பில் ஐந்தாம் இடம்" என்றால், தீர, சங்கர, ஆபரணம் எனப் பிரித்து, நான்கு சக்கரங்களின் 24ஐக் கடந்து ஐந்தாவதான 29ஐ அடையலாம்.

முத்துசாமி தீட்சிதரும் தம் கிருதிகளின் வரிகளுக்குள் இராகப் பெயரை மறைத்து வைத்தவர். பாடுபவர் பொருளோடு பாடினால் பெயர் புலப்படும். வாயளவில் பாடினால் கடந்து போய்விடும்.

தொலைவும் தாமதமும்

எம் பழைய தோழர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். மற்றையோர் இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் வாழ்கின்றனர். ஞாயிறு முற்பகல் 10 மணிக்கு நான் காணொளி அழைப்பைத் திறப்பேன். கோடை காலத்தில் அப்போது இலண்டனில் பிற்பகல் 3, பாரிசில் 4, யாழ்ப்பாணத்தில் இரவு 7.30. சென்னை நண்பர் காபிப் புதிரோடு வந்து சேர்ந்தபின் நாங்கள் ஆறு பேர்.

தொடக்கத்தில் சேர்ந்து பாடவே எண்ணினோம். அது இயலவில்லை. கண்ணாடி இழையில் ஒளி ஒரு வினாடியில் ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். யாழ்ப்பாணம் இங்கிருந்து ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். நேர்வழியே வந்தாலும் ஒரு சொல் வந்து சேர வினாடியில் நூற்றில் ஏழு பங்கு செல்லும். கருவிகளிலும் வழியிலும் ஆகும் தாமதம் வேறு. சேர்ந்து பாடுவோர்க்கு நூற்றில் மூன்று பங்கு தாமதமே தாளத்தை இடறிவிடும். எங்கள் கூட்டுப்பாடல் ஆறு தனிப்பாடல்களாயிற்று, சிரித்துவிட்டுக் கைவிட்டோம்.

புதிருக்கு அத்தொல்லை இல்லை. ஒருவர் சொல்வார், மற்றையோர் சிந்திப்பர், தாமதம் சிந்தனையில் கரைந்துவிடும். சென்னை நண்பருக்குத் திரைப்படத்தின் ஆண்டு தெரியும். இலண்டன் நண்பரின் மகள் இசை பயில்வதால் மேள எண் அவருக்குத் தெரியும். பழஞ்சொற்களை நான் சொல்வேன். ஒருவராலும் தனியே அவிழ்க்க முடியாத புதிரை அறுவர் அவிழ்ப்போம்.

ஒருமுறை எங்களுள் ஒருவர் புதிரைக் கேட்ட மாத்திரத்தில் கைத்தொலைபேசியில் தேடி விடையைப் படித்துவிட்டார். யாழ்ப்பாண நண்பர், "மச்சான், விடை வந்துட்டுது, இனி நாங்கள் என்னத்துக்கு?" என்று கேட்டார். அன்று முதல் ஒரு விதி செய்தோம்: அனைவரும் முயன்று தோற்கும்வரை எவரும் கருவியைக் கேட்கலாகாது. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நொடிப்பொழுதில் விடை தரலாம். விடை மட்டும் வேண்டுமாயின் அவை போதும்.

பேசாதிருந்த நண்பர்

எங்கள் குழுவில் ஒருவர், எவரென நான் சொல்லப்போவதில்லை, 2009க்குப் பின் பாட்டுக் கேட்பதையே விட்டவர். அழைப்பில் வந்து அமர்வார். படக்கருவியைத் திறக்க மாட்டார். ஒன்றும் பேச மாட்டார். இவ்வாறு எட்டு மாதம் சென்றது. அவரைக் கட்டாயப்படுத்த வேண்டா என்று சிலரும், கேட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று சிலரும் எங்களுக்குள் வாதிட்டோம். நான் முன்னவர் பக்கம் இருந்தேன். அது சரியா, அல்லது என் கோழைத்தனமா என்று அந்நாளில் எனக்கே தெளிவில்லை.

ஒரு ஞாயிறன்று நான் இப்புதிரைச் சொன்னேன்: "நீல வானை உடுத்தவள், குழந்தையை உறங்க வைப்பாள்." மற்றையோர் நீலத்தையும் வானையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, எட்டு மாதமாகக் கேட்காத குரல் ஒன்று, "நீலாம்பரி" என்றது. பிறகு, "அம்மா தங்கச்சிக்குப் பாடுறவ" என்றது. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை. அவர்தம் தாயாரையும் தங்கையாரையும் நாங்கள் அனைவரும் அறிவோம். இருவரும் இப்போது இல்லை.

அடுத்த வாரம் அவர் தாமே இயற்றிய ஒரு புதிரைக் குழுவுக்கு அனுப்பினார். அவருடைய துயரம் தீர்ந்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன், புதிர் மருந்தன்று. ஆனால் நேரே கேட்க இயலாத ஒன்றை, சுற்றி வளைத்துக் கேட்டதொரு சொல் தொட்டது. நான் ஆசிரியனாயிருந்த காலத்தில், வினாவுக்கு விடை சொல்லாத மாணவனை எழுந்து நிற்கச் செய்ததுண்டு. இன்று அவ்வாறு செய்யமாட்டேன்.

வீட்டில் தொடங்குங்கள்

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைகளை மகிழுந்தில் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்து வரும் வழியில், நாளொன்றுக்கு ஒரு புதிர் போதும். தெரிந்த பாடலில் தொடங்குங்கள். முதலில் விடையைத் தேர்ந்து, அதனைப் பிரித்துப் பார்த்து, பின்னர் வினாவை அமையுங்கள். பிள்ளை பிழையாகச் சொன்னால் உடனே திருத்தாமல், அச்சொல் ஏன் பொருந்தும் என்று அவனையே விளக்கச் செய்யுங்கள். ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியிடம், "சுகமா?" என்று கேட்டபின் பேசப் பொருளின்றித் தொலைபேசியைத் திருப்பித் தரும் பிள்ளைகள் நம்மிடையே பலர். அவர்கள் கையில் ஒரு புதிரைக் கொடுத்து அழைக்கச் செய்யுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்காக நான்கு புதிர்கள் கீழே உள்ளன:

1. ஆறு ஒன்று தன் தலையெழுத்தை மாற்றிக்கொண்டு காலை இராகம் ஆனது. மூன்றெழுத்து.

2. 'செய்' என்று ஏவும் வேறொரு சொல்லின் கடைசி எழுத்தை நீக்கினால், தேவாரத்தை அதில் பாடலாம். இரண்டெழுத்து.

3. தொண்டை கட்டியவர் குரல்போலத் தொடங்கும் மேளம். அதன் எண்ணைத் திருப்பினாலும் மாறாது.

4. அன்னத்தின் ஒலி, தந்தை படைத்த இராகம், மகன் அதில் வாதாபி கணபதியைப் பாடினார்.

இவற்றுள் முதலாவது, மேலே நான் குறிப்பிட்ட நண்பர் அனுப்பியது. அவருடைய இசைவு பெற்றே இங்குத் தருகிறேன். விடைகளை இம்மலரில் அச்சிடவில்லை. வீட்டிலுள்ள பெரியவர்களோடு கூடி அவிழ்த்து, ஆண்டு விழா நாளன்று மண்டப வாயிலில் நிற்கும் என்னிடம் வந்து சொல்லுங்கள். முதற் புதிரை அவிழ்த்தவர்களின் பெயர்களை அன்று மாலையே அந்நண்பருக்கு எழுதுவதாக வாக்களித்திருக்கிறேன்.

அனைவர்க்கும் ஆண்டு விழா நல்வாழ்த்துகள். வாழ்க தமிழ்!